சொவத்துக்கு அந்தப் பக்கம் விழுந்த கயிறு

1

படிப்பகத்துல இத சத்தமா வாசிக்கிறவரு யாரோ தெரியல. அவருக்கு மொதல்ல ஒரு செம்பு தண்ணி கொண்டாந்து வைங்க. நான் பேச ஆரம்பிச்சா லேசுல நிக்கமாட்டேன். நிறுத்துறதுக்கு எம்பொண்டாட்டி முத்தாயி இருந்தா. அவளும் போய்ச் சேந்துட்டா.

மாப்ள தங்கராசு, எந்தங்கச்சி மகன், ஊருல கையெழுத்துப் பத்திரிகை நடத்துறானே, அவன்தான் காயிதம் போட்டிருந்தான். "மாமா, சிலோன் வாழ்க்கையப் பத்தி சொல்லுங்க, ஊரே காத்துக்கிட்டிருக்கு"ன்னு. ஊரு அப்பிடியெல்லாம் காத்துக்கிட்டிருக்காதுன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமக பவளம் எழுதுறா. தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல படிச்சவ, கையெழுத்து முத்து முத்தா இருக்குமாம்.

"மாமா, மெதுவாச் சொல்லுங்க. அடுப்புல சோறு கெடக்கு."

இதையும் எழுதிப்புட்டியா? எழுதிப்புட்டா.

வருசா வருசம் மாசி மாசத்துல ஒருநாள் பவளம் எனக்குப் பாயாசம் காச்சிக் குடுப்பா. மாமா சிலோனுக்கு வந்த நாளாம். எந்தத் தேதின்னு எனக்கே தெரியாது. மாசின்னு மட்டும் தெரியும். வந்த அன்னைக்கு மேட்டுல ரயிலு மூச்சு வாங்கிக்கிட்டு ஏறுது, வட்டவளை தாண்டுனதும் வெளியில ஒரே பொகை மாதிரி. நான் காடு பத்திக்கிச்சுன்னு நெனைச்சு "தீ, தீ"ன்னு கத்துனேன். பெட்டியே சிரிச்சுச்சு. அது பனிமூட்டமாம். துறையூர்ச் சந்தைக்கும் வயலுக்கும் போய் வந்தவனுக்குப் பனிமூட்டம் எங்க தெரியும்?

இந்த வருசமும் பாயாசம் வந்துச்சு. கிண்ணத்தக் கையில வாங்குனேன். கரண்டிய வாய்க்குக் கொண்டு போறேன், கை வரமாட்டேங்குது. பாதி வழியில நின்னுபோச்சு. வாயத்தான் கரண்டிக்குக் கொண்டுபோனேன். ஆக இந்தத் தடவை தோளப் பத்தித்தான் சொல்லப்போறேன்.

2

எனக்கு வேலை கவ்வாத்து. தேயிலைச் செடிய அப்பிடியே விட்டா மரமாப் போயிரும். அதனால சில வருசத்துக்கு ஒருவாட்டி கட்டையா வெட்டிவிடணும். அப்பத்தான் புதுக் கொழுந்து வரும். வளைஞ்ச கத்தி, ஒரே இழுப்புல கிளை விழணும். ரெண்டாவது இழுப்பு இழுத்தா எங்கள மேய்க்கிற கங்காணி ஒண்ணும் சொல்லமாட்டாரு, பாப்பாரு. அந்தப் பார்வைக்குப் பயந்தே என் தோளு தேஞ்சுபோச்சு.

ஐப்பசி மழையில ஒரு பிடிப்பு வந்துச்சு. குளிருன்னு விட்டேன். கார்த்திகையில சட்டை மாட்ட முடியல. மார்கழியில தலை சீவ முடியல. "தலையில சீவுறதுக்கு என்ன மாமா இருக்கு"ன்னு பவளம் கேட்டா. தை பொறந்தப்ப கத்தியும் கையும் இடுப்போட நின்னுருச்சு.

தோட்டத்து ஆஸ்பத்திரியில ஒரு டாக்டரய்யா இருக்காரு. முழு டாக்டர் இல்ல, மருந்து கலக்கிக் குடுக்குறவரு. நாங்க டாக்டரய்யான்னுதான் சொல்லுவோம், அவரும் வேணாங்கமாட்டாரு. காய்ச்சல்னாலும் ஒரு வெள்ளை மருந்து, வயித்துவலின்னாலும் அதே வெள்ளை மருந்து. தோளுக்கும் அதையே குடுத்தாரு. வீணாக்குவானேன்னு குடிச்சேன். தோளு அசையல. வயிறு நல்லா இருந்துச்சு.

இது நடக்குறப்பத்தான் தோட்டத்துக்குப் புதுத் தொரை வந்தாரு. சின்ன வயசு. வந்ததும் வயசாளிங்களை எல்லாம் ஒரு பார்வை பாக்கணும்னாராம். கங்காணி வந்து வாசல்ல நின்னாரு.

"பெரியவரே, மாசிக் கடைசியில பெரட்டுல நின்னு கையத் தலைக்கு மேல தூக்கிக் காட்டணுமாம்."

"தூக்கலன்னா?"

"பத்துச்சீட்டுத்தான்."

பெரட்டுன்னா காலையில எல்லாரும் வரிசையா நின்னு பேரு குடுத்து வேலை வாங்குற எடம். பத்துச்சீட்டு வந்துச்சுன்னா பேரு வெட்டியாச்சு, மூட்டையக் கட்டுன்னு அர்த்தம்.

அதுக்கென்ன, ஊருக்கு வந்துற வேண்டியதுதானேன்னு நீங்க சொல்லுவீங்க. தங்கராசும் அதையேதான் எழுதியிருந்தான். செங்கல்லு வச்சு வீடு கட்டியிருக்காங்களாம். எனக்குன்னு தனி ரூம்பாம். "நாலு பக்கமும் கூரை தொடுற மாதிரி சொவரு எழுப்பியிருக்கு மாமா, ஒங்க ரூம்புக்குள்ள ஒரு சத்தம் வராது, ஒரு சத்தம் போவாது"ன்னு எழுதியிருந்தான். தங்கமான பையன். பவளம் அதப் படிச்சுட்டு எம்மொகத்தப் பாத்தா. நான் வெளியில போய் ஒக்காந்துட்டேன்.

விசயம் என்னன்னா, மகன் ராசு இங்க பொறந்தவன். பவளம் இங்க பொறந்தவ. பேத்தி ராணி இங்க பொறந்தது. அவங்க இந்த நாட்டுப் பிரஜையாப் பதியணும்னு எழுதிப் போட்டுட்டுக் காத்துக்கிட்டே இருக்காங்க. நான் அந்த நாள்ல, எப்பிடியும் ஊருக்குத் திரும்பிருவோம்னு, இந்தியாப் பாஸ்போர்ட்டு எடுத்துட்டேன். தோட்டத்துல பேரு இருக்குற வரைக்குந்தான் எனக்கு இங்க இருக்க அனுமதி. பேரு போச்சுன்னா நான் ஒருத்தன் மட்டும் கப்பலேறணும். ஒரே சட்டியில சோறு திங்கிறோம், ஆளுக்கு ஒரு நாட்டுக் கணக்கு.

ஆக, நான் கடைசிக் காலத்துல யாரோட இருக்கணும்ங்கறத என் தோளுதான் சொல்லணும்னு ஆகிப்போச்சு.

3

டாக்டரய்யா ஒரு துண்டுச் சீட்டு குடுத்து டவுனு பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புனாரு. அக்கரப்பத்தனையிலருந்து பஸ்சு, லிந்துலையில எறங்கி இன்னொரு பஸ்சு. ராசு கூட வந்தான். கண்டக்டர்கிட்ட அவன் சிங்களத்துல பேசுறதக் கேட்டா, அவன் அவுங்க வீட்டுலயே வளந்தானோன்னு தோணும். ரெண்டு பேரும் என்னமோ சொல்லிச் சிரிச்சாங்க.

"என்னடா சொல்றான்?"

"ஒண்ணுமில்லப்பா, சும்மா."

எனக்கும் சிங்களம் கொஞ்சம் வரும். கடையில சாமான் வாங்குற அளவு, நாய வெரட்டுற அளவு. சிரிக்கிற அளவுக்கு வராது. தொட்டில்ல கெடந்தப்ப அவன் எதுக்குச் சிரிச்சாலும் எனக்குப் புரியும். இப்பக் கேட்டா "சும்மா"ங்கிறான்.

மாப்ள, நம்ம ஊருலயும் எனக்கு அதே கஷ்டந்தான். முத்தாயி இருந்தப்ப ஒருக்கா ஊருக்கு வந்தமே, டீக்கடையில "ஒரு பாண் குடு, எவ்வளவு சல்லி"ன்னு கேட்டேன். இங்க ரொட்டிக்குப் பேரு பாண், காசுக்குப் பேரு சல்லி. கடைக்காரரு என்ன ஏற எறங்கப் பாத்துட்டு "எந்த ஊருங்க"ன்னாரு. நான் பொறந்த தெருவுல நின்னுக்கிட்டு அதுக்குப் பதில் சொன்னேன்.

சரி, ஆஸ்பத்திரி. அங்க போர்டெல்லாம் சிங்களத்துல மாத்திட்டாங்க. கூட வந்த ஆளுங்க எல்லாம் நொந்துக்கிட்டாங்க. எனக்கு ஒரு வித்தியாசமும் இல்ல. முன்ன இருந்த எழுத்தும் தெரியாது, இப்ப இருக்குற எழுத்தும் தெரியாது. எப்பவும் போல கூட்டம் போற பக்கமே போனேன். அது பிள்ளை பெக்குற வார்டு. ராசு வந்து இழுத்துட்டுப் போனான்.

துண்டு எழுதுற சன்னல்ல ஒரு மாத்தியா இருந்தாரு. மாத்தியான்னா ஐயா.

"எந்த ஊரு?"ன்னு சிங்களத்துல கேட்டாரு.

"அக்கரப்பத்தனைங்க."

"எந்த நாடு?"

நான் ராசுவப் பாத்தேன். ராசு கூரையப் பாத்தான்.

"தோளு இங்கதாங்க வலிக்குது மாத்தியா"ன்னேன்.

அவரு பேனாவ வச்சுட்டுச் சிரிச்சாரு. அப்புறம் என்னமோ எழுதிக் குடுத்தாரு. என்ன எழுதுனாருன்னு நான் கேக்கல. உள்ள விட்டாங்க, அது போதும்.

உள்ள ஒரு நோனா. நோனான்னா அம்மணி. சின்னப் பொண்ணுதான், வெள்ளை கவுனு. மருந்தும் இல்லாம ஊசியும் இல்லாம, கையையும் காலையும் ஆட்டியே நோவ எடுக்குற படிப்பு படிச்சவளாம். பிசியோதெரபின்னு ராசு சொன்னான். பவளம் அத மூணு தடவை அடிச்சு எழுதுறா.

"பய வென்ன எப்பா, சீயா"ன்னா நோனா. பயப்படாதீங்க தாத்தான்னு அர்த்தம். அப்ப வரைக்கும் எனக்குப் பயம் இல்ல. அப்புறந்தான் கையத் தூக்குனா. "தவ டிக்கக்"ங்கிறா, இன்னும் கொஞ்சம்னு. தூக்குறா. மறுபடியும் "தவ டிக்கக்". எனக்கு இந்த மலையெல்லாம் ஒருக்காச் சுத்தி நின்னுச்சு. நான் போட்ட சத்தத்துல வெளியில வரிசையில இருந்த ஒரு கெழவி எந்திரிச்சு வீட்டுக்குப் போயிட்டாளாம்.

ஆனா நல்ல பொண்ணு. வேர்வையத் தொடச்சுவிட்டு, ராசுகிட்ட எல்லாத்தையும் பொறுமையாச் சொன்னா. வீட்டுக்குப் போனதும் வலி கூடும், பயப்படாதீங்க. சூட்டு ஒத்தடம் குடுங்க. முறுக்கி சுளுக்கெடுக்க யாரையும் விடாதீங்க. சும்மாவும் போட்டுறாதீங்க. சொவத்துல வெரல வச்சு மெதுவா மேல நடக்கவிடுங்க. உத்திரத்துல ஒரு கயித்தப் போட்டு, நல்ல கையால இழுத்து நோவு கையத் தூக்குங்க.

கயிறுன்னதும் எனக்கு மனசுல பட்டுனு ஊரு வந்துருச்சு. கவலை எறைப்பமே, அது. கெணத்து மேல உருளை, மாடு எறங்குனா சால் ஏறும். எங்கப்பா மாட்டு மேல கோவப்பட்டு நான் பாத்ததில்ல. கழுத்துல புண்ணு வந்தா மஞ்சளும் எண்ணெயும் தடவி, ஆறுற வரைக்கும் கட்டுத்தறியிலயே விட்டுருவாரு. "இது வெறும் கவலை எறைப்புத்தான், நான் பாத்துக்கிறேன்"னு ராசுகிட்டச் சொன்னேன். அவனுக்கு என்னன்னு புரியல. கெணறே பாக்காத பய.

4

நோனா சொன்னது சரிதான். வீடு வந்து சேந்தப்ப தோளுக்குள்ள யாரோ பெரட்டுக்கு ஆளக் கூப்பிடத் தப்பு அடிக்கிற மாதிரி இருந்துச்சு. உக்காந்தாலும் அடிக்குது, படுத்தாலும் அடிக்குது. பவளம் உப்ப வறுத்துத் துணியில கட்டி ஒத்தடம் குடுத்தா.

"நோனா சுடுதண்ணித் துணில்ல சொன்னா?"

"அவுங்க படிச்சது தண்ணி, எங்கம்மா எனக்குச் சொன்னது உப்பு. ரெண்டும் சூடுதான் மாமா, சும்மா படுங்க."

நாங்க குடியிருக்குற லயத்துல ஒருத்தனுக்கு வலின்னா அது ஊர்ச் சொத்து. கங்காணி சம்சாரம் யூக்கலிப்டஸ் தழையோட வந்தாங்க. கடை நானா, நம்ம ஊருல பாய்ம்போமே, ஒரு பச்சை எண்ணெய் குடுத்தனுப்புனாரு, எரிச்சல்ல தோளு வலி மறந்துபோச்சு, தோலு வலி வந்துருச்சு. சுளுக்கெடுக்குற சடையன் வந்தான். அவன் வைத்தியம் எல்லாருக்கும் ஒண்ணுதான். நம்மளக் கீழ படுக்கப் போட்டு, கக்கத்துல அவன் கால முட்டுக்குடுத்து, கையப் புடிச்சு இழுப்பான்.

"அண்ணே, ஒரே இழுப்பு. சோறு எறக்குறதுக்குள்ள முடிஞ்சிரும்."

பவளம் சோத்துக் கரண்டியோட வந்து நடுவுல நின்னா. "நோனா யாரும் முறுக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. காலக் கீழ வைங்க சடையண்ணே."

"இழுத்தா சரியாப் போற கைக்கு ஒரு நோனாவா"ன்னு அவன் மொணங்கிக்கிட்டே போனான். போறப்ப டீ குடிச்சுட்டுத்தான் போனான்.

வலி மட்டுப்பட்டதும் சொவத்துல வெரல் நடத்த ஆரம்பிச்சேன். பல்லி மாதிரி ஏறணும். எங்க சொவரு பொகையேறிக் கருப்பாக் கெடக்கும், வெரல் போன தடம் தானாத் தெரியும். நெஞ்சு வரைக்கும் ஏறுனேன், அதுக்கு மேல போவல. ராணி பக்கத்துல நின்னு பாத்துட்டு, "தாத்தா, சாயங்காலமும் இங்கதான் இருந்தீங்க, காலையிலயும் இங்கதான் இருக்கீங்க"ன்னுச்சு.

அது ஒருநாள் என்னக் கேட்டுச்சு, "தாத்தா, இந்தியாவுல தேயிலை இல்லையாமே, அப்ப மலைய எல்லாம் எத வச்சுப் போத்துவாங்க?" நான் நம்ம ஊர் மலைய நெனச்சுப் பாத்தேன். "அங்க வெயிலு, போத்த வேணாம்"னேன். பாவம் அந்த மலைன்னு சொல்லிட்டு வெளையாடப் போயிருச்சு.

5

இப்ப வீரையாவப் பத்திச் சொல்லணும். பவளம் எழுதுறத நிறுத்திட்டு சொவத்தப் பாக்குறா. பரவால்ல, எழுதும்மா.

லயம்னா ஒரே நீளக் கட்டடம். ரயில் பெட்டி மாதிரி வரிசையாக் காம்பரா, ஒரு காம்பராவுக்கு ஒரு குடும்பம். ரெண்டு காம்பராவுக்கு நடுவுல சொவரு உண்டு. ஆனா அது கூரை வரைக்கும் போவாது. ஆளு ஒசரத்துக்கு மேல கொஞ்சம் ஏறி நின்னுரும். அதுக்கு மேல தகரம் வரைக்கும் வெறும் வெளி. அங்க கருவாடு வறுத்தா இங்க சோறு எறங்கும். இங்க கொறட்டை விட்டா அங்க புள்ளை அழுவும்.

அடுத்த காம்பராவுல இருக்கறது வீரையா, முத்தாயியோட தம்பி, எனக்கு மச்சான். ஒண்ணாத்தான் கவ்வாத்து வெட்டுனோம், ஒண்ணாத்தான் கள்ளு குடிச்சோம். அப்புறம் தோட்டத்துக்கு சங்கம் வந்துச்சு. ஒண்ணு வந்திருந்தா தேவலை. ரெண்டு வந்துச்சு. நான் ஒண்ணுல, அவன் ஒண்ணுல. ஒருக்கா வேலைநிறுத்தம். எங்க சங்கம் போவாதேன்னுச்சு, அவன் சங்கம் போன்னுச்சு. அவன் கத்தியோட கெளம்புறான். நான் வாசல்ல நின்னு, "தொரை வீட்டு மாப்பிள்ளை போறாரு, வழி விடுங்க"ன்னேன். "சோம்பேறிக்கு சங்கம் ஒரு சாக்கு"ன்னான் அவன். வேலைநிறுத்தம் முடிஞ்சுபோச்சு. எதுக்கு நிறுத்துனோம்னுகூட மறந்துபோச்சு. பேச்சு மட்டும் நின்னது நின்னதுதான்.

முத்தாயி இருந்த வரைக்கும் அவ நடுவுல சேதி கொண்டுபோவா. அவ போனப்புறம் சேதி சொல்ல ஆளில்ல. அவன் வீட்டுல ஒரு பூனை, எங்க வீட்டுல ஒரு சேவல். அந்த வேலை அதுங்க தலையில வந்து விழுந்துச்சு.

"சேவலே, யாரோ சுருட்டுப் பிடிக்கிறாங்க, எனக்கு இருமல் வருதுன்னு சொல்லு."

அந்தப் பக்கத்துலருந்து வரும், "பூனையே, இருமல் உள்ளவங்கள வாசல்ல போய்ப் படுக்கச் சொல்லு."

வருசக்கணக்கா இப்பிடித்தான். ஒருநாள் கூட ஒருத்தன் பேர ஒருத்தன் சொன்னதில்ல. இப்ப வீரையா கவ்வாத்து வெட்டுறதில்ல. தேயிலை பேக்டரியில ராக்காவல். பகல்ல வீட்டுல தூங்குவான். நான் ஆஸ்பத்திரியிலருந்து வந்து மொனகிக்கிட்டுக் கெடந்தப்ப, அந்தப் பக்கம் மெதுவா, "பூனையே, அங்க யாருக்காச்சும் பிரசவமா?"ன்னு கேட்டுச்சு.

6

பெரட்டு நாளு நெருங்குது. வெரல் நெஞ்சத் தாண்டல. சரி, கயித்தப் பாத்துருவோம்னு ஒருநாள் மத்தியானம் கெளம்புனேன். பவளம் கொழுந்து எடுக்கப் போயிட்டா, ராசு வேலைக்கு, ராணி பள்ளிக்கூடம். பவளத்தோட கொழுந்துக்கூடையில கட்டுற பழைய கயிறு ஒண்ணு கெடந்துச்சு. நோவு கையில பிடி நிக்காதுன்னு, அதோட ஒரு முனைய வலது மணிக்கட்டுல பல்லால கடிச்சு முடிச்சுப் போட்டேன். கூடை முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும்.

இன்னொரு முனைய எடது கையால, சொவத்துக்கு நேர் மேல ஓடுற உத்திரத்தத் தாண்டி வீசுனேன். ஊருன்னா உருளைக்கு அந்தப் பக்கம் கெணறு இருக்கும். எனக்கு அந்த நெனப்புத்தான். இங்க உத்திரத்துக்கு அந்தப் பக்கம் வீரையா இருக்கான்ங்கறது வீசுனப்புறந்தான் ஞாபகம் வந்துச்சு.

கயிறு சொவத்தத் தாண்டி அந்தப் பக்கம் போய் விழுந்துச்சு. தொப்புனு ஒரு சத்தம். "ஐயோ பாம்பு"ன்னு ஒரு சத்தம். கயித்த எடுக்கலாம்னு பாத்தா எட்டல. முடிச்ச அவுக்கலாம்னு பாத்தா பல்லுக்கு வரல. அந்தப் பக்கம் வீரையா "க்ஹூம்"னு தொண்டையக் கனைச்சான். அவன் எதச் செய்யுறதுன்னாலும் மொதல்ல கனைப்பான், கல்யாணத்துல தாலி கட்டுறப்பவும் கனைச்சான். கனைச்சுட்டு இழுத்தான்.

என் கை என்னக் கேக்காம மேல போச்சு. நான் போட்ட சத்தத்துக்கு தகரமே அதிர்ந்துச்சு. கயிறு உடனே தொளதொளன்னு ஆயிருச்சு.

"பூனையே, இந்தக் கயித்து முனையில இருக்கறது மாடா, மனுசனா?"

"சேவலே, மனுசன்தான். நோனா சொன்ன வைத்தியம் பண்ணுறான். இழுக்காம கயித்தத் திருப்பிப் போடச் சொல்லு."

கயிறு திரும்பி வரல. அவன் யோசிக்கிறது எனக்கு இங்க கேட்டுச்சு. பெரட்டு விசயம் லயம் முழுக்கத் தெரியும், அவனுக்கும் தெரியாம இருக்காது.

"பூனையே"ன்னான். கொரலு கொஞ்சம் எறங்கியிருந்துச்சு. "எவ்வளவு இழுக்கணுமாம்?"

நான் மணிக்கட்டு முடிச்ச ஒருக்கா இழுத்துப் பாத்துக்கிட்டேன். அப்புறம் சொன்னேன், "சேவலே, மெதுவா, மெதுவான்னு சொல்லு. நான் கயித்த ஆட்டுனா விட்டுறணும்."

"க்ஹூம்"னு சத்தம். கயிறு இறுகுச்சு. இந்தத் தடவை, குளிப்பாட்டுன கைக்கொழந்தையத் தூக்குற மாதிரி தூக்குனான். நான் ஆட்டுனேன், விட்டான். கொஞ்சம் பொறுத்து நானே, "சேவலே, தவ டிக்கக்"னேன்.

அன்னையிலருந்து மத்தியானம் ஆனா அந்தப் பக்கம் கனைப்புச் சத்தம் கேக்கும். நான் கயித்த வீசுவேன். ஒரு வார்த்தை கெடையாது. கனைப்பு, இழுப்பு, ஆட்டுனா விடுறது. சொவத்துல வெரல் தடம் கழுத்துக்கு வந்துச்சு, காதுக்கு வந்துச்சு. பவளம் அதப் பாத்துட்டா.

"கயித்த யாரு மாமா இழுக்கறா?"

"உத்திரத்துல போட்டு நானேதான்."

"உத்திரம் சுருட்டுப் பிடிக்குமா? கயித்துல வாசம் வருதே."

நான் சேவல வெரட்டப் போயிட்டேன்.

7

பெரட்டு நாளும் வந்துச்சு. அன்னைக்குன்னு பாத்து ஊசி குத்துற பனி. பக்கத்துல நிக்கிறவன் மொகம் தெரியல. வயசாளிங்க எல்லாம் ஒரு ஓரமா நின்னோம், சந்தைக்கு ஓட்டியாந்த மாடு மாதிரி. புதுத் தொரை கம்பளிச் சட்டைக்குள்ள கைய விட்டுக்கிட்டு நின்னாரு. பக்கத்துல டாக்டரய்யா. கணக்கப்பிள்ளை பென்சில நக்கிக்கிட்டுத் தயாரா இருந்தாரு.

எம்பேரக் கூப்பிட்டாங்க. முன்னால வந்தேன்.

"கையத் தூக்குங்க"ன்னாரு டாக்டரய்யா.

தூக்குனேன். இடுப்பு தாண்டுச்சு, நெஞ்சு தாண்டுச்சு. அங்க நின்னுச்சு. நேத்து காதைத் தொட்ட கை, பனியில பூட்டிக்கிச்சு. நான் தள்ளுறேன், அது வரமாட்டேங்குது. தொரை டாக்டரய்யாவப் பாத்தாரு. டாக்டரய்யா தரையப் பாத்தாரு. கணக்கப்பிள்ளை பென்சில் கீழ எறங்குது. கொழுந்துக்காரங்க வரிசையில பவளம் கூடைக் கயித்தக் கடிச்சுக்கிட்டு நிக்கிறா. கப்பல் என் கண்ணு முன்னால வந்து நின்னுருச்சு, சத்தியமா.

அப்ப பின்னால, ராக்காவல் முடிஞ்சு வர்ற ஆளுங்க நிக்கிற பக்கம், ஒரு சத்தம்.

"க்ஹூம்."

கை போயிருச்சு. நான் தூக்கல, அதுவாப் போச்சு. மணிக்கட்டுல கயிறு இருந்த மாதிரியே இருந்துச்சு. காது தாண்டி, தலை தாண்டி, நேரா வானத்தப் பாத்து நின்னுச்சு. தொரை தலைய ஆட்டிட்டு அடுத்த ஆள்கிட்டப் போயிட்டாரு. கணக்கப்பிள்ளை பென்சிலக் காதுல சொருகிட்டாரு. பேரு தப்புச்சு.

நான் மட்டும் கையத் தூக்கிக்கிட்டே நிக்கிறேன். இத்தன நாளா அந்தப் பக்கத்துல விட்டாத்தானே இந்தப் பக்கம் எறங்கும், அந்தப் பழக்கம். கயித்த ஆட்டலாம்னா கயிறு இல்ல. எல்லாரும் பாக்குறாங்க. கங்காணி, "பெரியவரே, என்ன, சத்தியமா பண்ணுறீங்க"ங்கிறாரு.

"போதும்யா மச்சான், எறக்கு."

வீரையாதான். பூனையும் இல்ல, சேவலும் இல்ல. நேரா என்னப் பாத்து.

எறக்குனேன்.

"வலிக்குதா?"ன்னான்.

"வலிக்காம? ஒன்ன மாதிரி முரடன் இழுத்தா"ன்னேன்.

"பாம்ப மேல போட்டவனுக்கு வாயப் பாரு"ன்னான். ரெண்டு பேரும் ஒண்ணா லயத்துக்கு நடந்தோம். வழியில அவன் சுருட்டக் குடுத்தான், நான் ஒரு இழுப்பு இழுத்து இருமுனேன். முத்தாயியப் பொதைச்ச மேட்டுப் பக்கம் ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் திரும்பிப் பாத்தோம்.

தோளு முழுசாச் சரியாகல. மழை வந்தா தப்பு அடிக்குது. கத்தி பிடிக்கிற வேலைய நிறுத்தி, நாத்து மேடையில தண்ணி ஊத்துற வேலைக்குப் போட்டிருக்காங்க. அடுத்த மாசம் நோனாவப் பாக்கப் போவணும், "தவ டிக்கக்"னு சொல்லுவா, நெனைச்சாலே கக்கம் கூசுது. கயிறு இன்னும் உத்திரத்துலதான் கெடக்கு. மத்தியானம் கைக்கு. மத்த நேரம் அது வழியா வெத்தலைப் பை வருது, கருவாடு போகுது.

இத சொல்லிக்கிட்டிருக்கும்போதே சொவத்துக்கு மேலருந்து ஒரு சத்தம் வருது.

"பவளம், எல்லாம் நோனா பண்ணுனாங்கன்னு எழுதிறாத. இழுத்தது நானு."

"எழுதிட்டேன் சின்ன மாமா."

"ஐயோ பாம்புன்னு நான் கத்துனதையும் எழுதிட்டியா?"

எழுதியாச்சு. ஊரே வாசிக்கட்டும்.

மாப்ள தங்கராசு, ரூம்பு கட்டுனதுக்கு ரொம்ப சந்தோசம். ஒங்கம்மாகிட்டச் சொல்லு, அண்ணன் சாப்பிட்டான்னு. நான் எப்ப வர்றேன்னு கேட்டிருந்த. தோளு நல்லா இருக்குற வரைக்கும் இங்கதான்ப்பா. அதுக்கப்புறமும் யோசனையாத்தான் இருக்கு. நாலு பக்கமும் கூரை தொடச் சொவரு எழுப்பிட்டேன்னு எழுதியிருந்தியே, அங்க நான் கயித்த வீசுனா, அது யாரு மேல போய் விழும்?